படுத்தபடி இறங்க ஒரு வழி

நாலாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அக்காதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அக்காவேதான். பூஷணம். எனக்கு ஐம்பத்தெட்டு என்றால் அவளுக்கு அறுபத்தைந்து. தலை முழுக்க வெளுத்துவிட்டது. ஆனால் உட்காரும் விதம் அப்படியே இருக்கிறது, முதுகைச் சாய்க்காமல், எந்த நிமிஷமும் யாராவது வந்து எழுந்திரு என்று சொல்லிவிடுவார்கள் என்பதுபோல நாற்காலியின் விளிம்பில். கையில் மஞ்சள் டோக்கன். என்ன நம்பர் என்று இங்கிருந்து தெரியவில்லை. மேடையில் ஐந்து பேர் இருக்கிறோம், நடுவில் தலைவர் மேடம், அவருக்கு இடது பக்கம் நான். எனக்கு முன்னால் என் பெயர்ப் பலகை, பொறியாளர் த. ஜெகதீசன், வடிவமைப்பு ஆய்வுக் குழு உறுப்பினர் என்று. பலகையின் பின்பக்கம்தான் எனக்குத் தெரிகிறது, வெறும் வெள்ளை. எழுத்தெல்லாம் அவளுக்குத் தெரியும்படி இருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியும், எட்டாவது வரைக்கும் போனவள். எத்தனை நேரமாக அதைப் படித்துக்கொண்டிருக்கிறாளோ. மூங்கில் தோட்டம் குடியிருப்பு, மறுகட்டுமானம், கருத்துக் கேட்பு என்று கோப்பு என் மேஜைக்கு வந்த அன்றைக்கே நான் வேறு யாரிடமாவது தள்ளிவிட்டிருக்கலாம். இந்தத் திட்டத்தில் எனக்கோ என் உறவினர்களுக்கோ எந்தத் தொடர்பும் இல்லை என்று ஒரு படிவம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பேனா நிற்கக்கூட இல்லை. அக்கா இதற்குள் வேறெங்காவது போயிருப்பாள் என்று நினைத்தேனா? நினைத்தேன் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை. எங்கே போயிருப்பாள், யாரிடம் போயிருப்பாள்? பத்தொன்பது வயது வரை நானும் இருந்த வீடு அது, எஃப் பிளாக், மூன்றாவது மாடி, ஒரே அறை. இந்த மேடையில் யாருக்கும் அது தெரியாது. இருபது வருஷமாக என்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் தெரியாது.

இருபத்தாறாம் நம்பர் பேசிக்கொண்டிருக்கிறார். மீன் வியாபாரி, மூன்று சக்கர வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்கிறார். "கீழ பூரா காருக்குன்னு போட்டுகிறீங்களே சார், எங்கள்ல யாருகிட்ட சார் காரு கீது?" கூடத்தில் சிரிப்பு. மேடம் சிரிக்காமல், "குறிச்சுக்கறோம், அடுத்தவங்க வாங்க" என்கிறார். மின்விசிறி ஒன்று கீச்சுகீச்சென்று சுற்றுகிறது. அடுத்த பெண், இடித்துக் கட்டி முடிக்கிற ரெண்டு வருஷம் நாங்கள் எங்கே இருப்பது என்கிறாள், குழந்தை அவள் இடுப்பில் இருந்துகொண்டு மைக்கைப் பிடித்து இழுக்கிறது. குறிச்சுக்கறோம். நானும் குறித்துக்கொள்கிறேன். அக்கா எழுந்து மைக்குக்கு வந்ததும் ஜெகா என்று கூப்பிட்டுவிடுவாளோ. அந்தப் பெயரை யாரும் சொல்லி எத்தனை வருஷமாகிறது. ஆபீசில் சார். நான் இருக்கும் பன்னிரண்டாவது மாடியில் ட்வெல்வ் பி. லிப்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் மாடி நம்பரைத்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள், என் முகத்தைப் பார்ப்பதில்லை, நானும் அப்படித்தான். மனைவி நிர்மலா, மகளின் பிரசவத்துக்கென்று ரெண்டு மாசம் புனே போனாள், மூன்று வருஷமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மாத்திரை போட்டீங்களா, போட்டேன், வேற என்ன, வேற ஒண்ணுமில்ல. வைத்த பிறகு ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். அவள் ஜெகா என்று மைக்கில் கூப்பிட்டால் நான் என்ன செய்வேன்? காது கேட்காததுபோலக் காகிதத்தைப் புரட்டலாம். தண்ணீர் பாட்டிலை எடுக்கலாம். பயமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது, அதை இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறேன். அவள் கூப்பிடாமலேயே போய்விட்டால்?

கூப்பிடமாட்டாள். அவளுக்கு என்னைத் தெரியும். நான் சொல்லிக்கொடுத்த பாடம்தானே. இருபத்தெட்டு வருஷம் முன்னால் என் கல்யாண வரவேற்புக்கு அம்மாவையும் அவளையும் சாயங்காலம் வரச் சொன்னேன். காலையில் முகூர்த்தத்துக்கு வேண்டாம், கூட்டமாக இருக்கும் என்றேன். பெண் வீட்டில் நாங்கள் பெரம்பூரில் சொந்த வீட்டில் இருந்ததாகவும், அப்பா துறைமுகத்தில் சூப்பர்வைசராக இருந்தவர், அம்மாவும் இல்லை என்றும் சொல்லியிருந்தேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அதற்குள் போய்விட்டிருந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல், அக்கா மட்டும் வந்தாள். மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப் புடவை, யாரிடமோ வாங்கிக் கட்டியது, ரவிக்கை தோளில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. மேடையில் ஏறி என் பக்கத்தில் நின்றாள். மாமனாரின் அண்ணன், இவங்க யாரு மாப்ள என்றார். நான் சொன்னேன், "எங்க ஏரியாவுல தெரிஞ்சவங்க." எவ்வளவு லேசாக வந்தது அந்த வார்த்தை. யோசித்து வந்ததில்லை, வாயில் தயாராக இருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்தாள், போட்டோ எடுத்து முடிகிற வரை சிரித்தாள், பிறகு இறங்கிப் போய்விட்டாள். சாப்பிடாமல் போனாள் என்று மறுநாள் அம்மா சொல்லித்தான் தெரியும். எட்டாவதோடு அவளை நிறுத்தி எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அனுப்பினார்கள், அவள் சட்டைக்குக் காஜா எடுத்தாள், நான் படித்தேன். அவளுக்கு வந்த ஒரு வரனும் தம்பி படிப்பு முடியட்டும் என்று அவள் சொன்னதில் போய்விட்டது, பிறகு வரவில்லை. ஆல்பத்தில் அந்த போட்டோ இருக்கிறது. நிர்மலா ஒருமுறை புரட்டும்போது, இது யாரு என்றாள். நான் அதே வார்த்தையை அவளிடமும் சொன்னேன். அம்மா இருப்பதையும் அவளிடம் சொல்லாமல், தனியாகப் போய்ப் பார்ப்பதும் குறைந்து, குறைந்து, நின்றது. கடைசியாக அக்காவைப் பார்த்தது பதினாலு வருஷம் முன்னால், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில்.

முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணு யாரும்மா? அவள்தான். எழுந்துவிட்டாள். வலது கால் கொஞ்சம் இழுக்கிறது, முட்டிவலி போலிருக்கிறது, நாற்காலிகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து வருகிறாள். மைக் அவள் உயரத்துக்கு மேலே இருக்கிறது, யாரோ வந்து இறக்கிவிடுகிறார்கள். மேடம் சொல்கிறார், "பேரு, அப்பா பேரு, வீட்டு நம்பர் சொல்லுங்கம்மா, பதிவுக்கு." "பூஷணம்," என்கிறாள். "அப்பா பேரு தணிகாசலம். எஃப் பிளாக், மூணாவது மாடி." தணிகாசலம். என் பலகையில் இருக்கிற த. அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஆளை அவள் முழுப் பெயரோடு கூடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதுகிறவர் எழுதிக்கொண்டு போகிறார். "சொல்லுங்கம்மா." அவள் மேடத்தைப் பார்த்து, பிறகு வரிசையாக ஒவ்வொருவரையும் பார்த்து, என்னையும் அதே அளவுக்குப் பார்த்து, சொல்கிறாள்: "எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். எங்க பிளாக்கு படிக்கட்டு ரொம்பக் குறுகல். பதினோரு வருசம் முன்னாடி எங்கம்மா மூணாவது மாடியில செத்துப்போச்சு. ஐஸ் பெட்டி மேல ஏறல. அம்மாவத்தான் கீழ எறக்கணும்னாங்க. படுக்க வெச்சுத் தூக்கினா திருப்பத்துல திரும்ப மாட்டேங்குது. அப்பறம் பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு, பொடவையால மார்லயும் கால்லயும் கட்டி, அப்டியே எறக்குனாங்க. தல தொங்குது. நான் முன்னாடி நின்னு தலையப் புடிச்சிக்கிணே பின்னால பின்னால எறங்குனேன். எங்க வீட்டு ஆம்பள யாரும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்கதான்." நிறுத்திவிட்டு மூச்சு வாங்குகிறாள். "போன மாசம் கீழ்வூட்டு மாசிலாமணிக்கு நெஞ்சு வலி. ரெண்டாவது மாடியில, அவரு மவ வூட்ல இருந்தாரு. ஆம்புலன்ஸ்காரங்க ஸ்ட்ரெச்சரக் கீழயே உட்டுட்டு முதுவுல தூக்கினாங்க. பொழச்சிக்கினாரு, அது வேற. அதான் கேக்கறேன். புதுசா ஒம்போது மாடி, லிப்ட் வருதுன்றீங்க. அந்த லிப்ட்ல ஒரு ஆளு படுத்துக்கினு எறங்க முடியுமா? இல்ல அதுலயும் உக்கார வெச்சுத்தான் கட்டணுமா?"

எனக்கு விடை தெரியும். இந்த மேடையில் எனக்கு மட்டும்தான் அது அளவோடு தெரியும். முடியாது. ஆறு பேர் நிற்கிற லிப்ட், இரண்டு. உள்ளே ஒரு ஆள் கால் நீட்ட இடமில்லை. போன வாரம் இருபத்தாறு வரைபடங்களில் நாற்பது நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டேன், அதில் லிப்ட் வரைபடம் பதினேழாவதோ பதினெட்டாவதோ. அந்த ஒன்பது மாடியில் படுக்கிற ஆட்கள் என் கண்ணில் படவே இல்லை, சின்னச் சின்னக் கட்டங்கள்தான் பட்டன. அந்தப் படிக்கட்டை எனக்குத் தெரியாதா? வீட்டில் விளக்கை அணைத்தால்தான் அப்பா தூங்குவார் என்று அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்துதானே படித்தேன், யாராவது வந்தால் காலைச் சுருக்கிக்கொண்டு, அவர்கள் போனதும் நீட்டிக்கொண்டு. அம்மா செத்த அன்றைக்கு நான் ஒரு ஆய்வுக் கூட்டத்தில் இருந்தேன். போன் மேஜையில் அதிர்ந்துகொண்டே இருந்தது, ஏழு தடவை, கவிழ்த்து வைத்தேன். மதியம் எடுத்தபோது யாரோ ஒரு ஆள், அக்கா சொல்லச் சொன்னாங்க என்று சொன்னார். ஆபீஸ் வண்டியில் போனேன். தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டது, எஃப் பிளாக் முன்னால் கூட்டம். டிரைவர் கேட்டார், "இங்கயா சார் எறங்கணும்?" அவர் கேட்ட விதம் ஒன்றும் தப்பில்லை. ஒருவேளை வண்டியை நிறுத்த இடம் பார்த்திருப்பார். நான் சொன்னேன், இல்ல, தப்பா வந்துட்டோம், திருப்புங்க. அந்த நேரத்தில் அக்கா படிகளில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்திருப்பாளா, அம்மாவின் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு? வண்டியை நான் திருப்பச் சொன்னதற்கு முன்னாலேயா, பின்னாலேயா? நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. வண்டி திரும்புகிறது, மறுபடி திரும்புகிறது, பதினோரு வருஷமாக அந்தத் தெருமுனையில் திரும்பிக்கொண்டே இருக்கிறது.

"குறிச்சுக்கறோம்மா," என்கிறார் மேடம். "அடுத்து முப்பத்தி ரெண்டு." அக்கா நகர்கிறாள். அப்போது என் குரல் மைக்கில் கேட்கிறது, எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல: "இதுக்கு இப்பவே பதில் சொல்லணும் மேடம்." முன்வரிசையில் இருந்த, திட்டத்தை வரைந்த ஆர்க்கிடெக்டைப் பார்த்துக் கேட்கிறேன், ஸ்ட்ரெச்சர் போகுமா? அவர் எழுந்து நிற்கிறார். "இந்த உயரத்துக்கு ரூல்படி கட்டாயம் இல்ல சார். நீங்கதானே சார் போன வாரம் ஓகே பண்ணீங்க?" "பண்ணேன். தப்பு. ஒரு லிப்டாவது ஆள் படுத்துப் போற நீளத்துக்கு வேணும், படிக்கட்டுத் திருப்பமும் அகலமாகணும். இல்லன்னா நான் கையெழுத்த வாபஸ் வாங்கறேன்." மேடம் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் சாய்கிறார். கோபம் இல்லை, குழப்பம்தான். "என்ன மிஸ்டர் ஜெகதீசன், திடீர்னு? அந்தம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" வேறு எப்படியும் அவர் கேட்டிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய்கூட இல்லை. உண்மையைச் சொன்னால் படிவத்தில் போட்ட கையெழுத்து பொய்யாகும், விசாரணை வரும், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. அதைவிட, நான் சொன்ன லிப்டும் போய்விடும், அக்காவுக்காகத் தம்பி பேசினான் என்று தள்ளிவிடுவார்கள். சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்கே நல்லது. எவ்வளவு ஒழுங்காக வந்து வரிசையில் நிற்கின்றன காரணங்கள், அன்றைக்கும் இப்படித்தானே நின்றிருக்கும். அக்கா பாதி வழியில் நின்றுகொண்டிருக்கிறாள், ஒரு நாற்காலி முதுகைப் பிடித்தபடி, திரும்பாமல். மேடத்தின் மைக்தான் மூடியிருந்தது, என்னுடையது இல்லை. "எங்க அக்கா," என்றேன். கூடம் முழுக்கக் கேட்டது. "கூடப் பொறந்தவங்க. அவங்க சொன்னது எங்க அம்மாவ. படிவத்துல நான் எழுதினது பொய்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. சத்தம், யாரோ விசில், உட்காருங்க உட்காருங்க என்று ஒருவர். மேடம் நிதானமாகத்தான் பேசினார். உறவினர் இருக்கிற திட்டத்தில் உறுப்பினர் உட்காரக் கூடாது, என் ஆட்சேபம் குழுவின் ஆட்சேபமாகப் பதிவாகாது, படிவத்தைப் பற்றி மேலே எழுதவேண்டியிருக்கும், தயவுசெய்து மேடையை விட்டு இறங்குங்கள். இறங்கினேன். கோப்பை அங்கேயே விட்டுவிட்டேன். பொதுமக்களில் ஒருவனாகப் பேசலாமா என்று கேட்டதற்கு, டோக்கன் வாங்கிக்குங்க என்றார். ஐம்பத்தெட்டு கொடுத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் மேடை தூரமாகத் தெரிந்தது, பேசுகிறவர்களின் முதுகுதான் தெரிந்தது. ஒன்றே கால் மணி நேரம். முன்னால் அக்காவின் தலை, அது ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மற்ற உறுப்பினர்களில் தீயணைப்புத் துறையில் இருந்து வந்திருந்த பெண் அதிகாரி, நடுவில் எழுந்து, யார் சொன்னால் என்ன, கேள்வி சரியான கேள்வி, லிப்டையும் திருப்பத்தையும் மாற்றி வரைந்து பதினைந்து நாளில் கொண்டுவரட்டும், இது தன் ஆட்சேபமாகப் பதிவாகட்டும் என்றார். பதிவானது. நான் சொன்னதால் நின்றிருக்காது, அவர் சொன்னதால் நின்றது. என் முறை வந்தபோது சொல்ல மிச்சம் அதிகம் இல்லை. பெயர், ஜெகதீசன். அப்பா பெயர், தணிகாசலம். இப்போது இருக்கிற படிக்கட்டின் அளவை மனுவாக எழுதித் தருகிறேன் என்றேன். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க, குறிச்சுக்கறோம் என்றார் மேடம்.

கூட்டம் கலைந்தபோது அக்கா எனக்காக நிற்கவில்லை. விலகியும் ஓடவில்லை, அவள் நடையில் நடந்தாள். நான் பின்னால் போனேன், பத்தடி விட்டு. வெயில் தலையில் இறங்கியது. குழாயடியில் குடங்களோடு இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். செய்தி எங்களுக்கு முன்னால் வந்திருந்தது. எஃப் பிளாக் வாசலில் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள், ஏற ஆரம்பித்தாள், ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து. உள்ளே இருட்டு, ஈரச் சுண்ணாம்பு வாசனை, யார் வீட்டிலோ கருவாடு. மன்னிச்சிடு என்று ஒரு வார்த்தை வாய் வரை வந்து, அது எனக்குத்தான் வசதி என்று தோன்றி, நின்றுவிட்டது. பையில் கிடந்த அளவு டேப்பை எடுத்தேன். முதல் திருப்பத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள், மைக்கில் பேசிய அதே குரலில். "இங்கதான் ஒரு தபா எறக்கி வெச்சோம். சேர் காலு மாட்டிக்கிச்சு. கையெல்லாம் நடுங்குது அவனுங்களுக்கு. ஒருத்தன் தண்ணி கேட்டான், யாரோ சொம்புல கொண்டாந்து குடுத்தாங்க, சுத்தி நின்னு குடிச்சானுங்க. அம்மா நடுவுல குந்திகினு கீது, நாங்க எல்லாரும் தண்ணி குடிக்கறோம். விருந்தாளி வந்தாப்பல." எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. "தெரியல," என்றாள். "தெருப் பக்கம் ஏதோ வண்டி சத்தம் கேட்டுது. நீயா இருக்கும்னு கொஞ்ச நேரம் வெச்சினு இருந்தோம்."

டேப்பின் முனையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவளே அதை என் கையிலிருந்து வாங்கி, குனிந்து, சுவரின் ஓரத்தில் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தாள். நான் கைப்பிடிக் கம்பி வரை இழுத்தேன். கண்ணாடி நனைந்திருந்ததால் எண்கள் தெரியவில்லை, துடைத்துவிட்டுப் பார்த்தேன். ரெண்டே முக்கால் அடி. எழுதினேன். அவள் டேப்பை விட்டாள், அது சர்ரென்று சுருண்டு என் கைக்குள் வந்தது. அக்கா நாலு படி ஏறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வா," என்றாள். "மேல இன்னும் ரெண்டு திருப்பம் கீது. அதையும் அளந்துடு."